பின்னால் கார் இடித்ததில் டிரைவர் சீட் மல்லாக்க விழுந்து தம்பிக்குக் கழுத்தில் முறிவு. கார் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கயல்:

வணக்கம். வக்கீல்கள், வண்டி விஷயம் தெரிஞ்சவங்க, இதே மாதிரி அனுபவப்பட்டவங்க யாராவது இருந்தா தயவுசெய்து பதில் சொல்லுங்க. எது முக்கியம், எது இல்லைன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை, அதனால எல்லாத்தையும் எழுதிடறேன்.

என் தம்பி சிக்னல்ல வண்டியை நிறுத்தியிருந்தான். பக்கத்து சீட்ல அவன் மனைவி. பின்னாடி வந்த கார் இடிச்சுது. பயங்கர வேகம்னு சொல்ல முடியாது. டிக்கி உள்ள அமுங்கியிருக்கு, ஆனா நாலு கதவும் திறந்து மூடுது. இடிச்ச காரை ஓட்டினவருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனா தம்பி உட்கார்ந்திருந்த சீட்டோட முதுகுச் சாய்வு அப்படியே பின்பக்கமா விழுந்துடுச்சு. பெல்ட் போட்டிருந்தான். அப்படியும் உடம்பு பெல்ட்டை விட்டு நழுவிப் பின்னாடி போய், தலை பின்சீட்ல மோதியிருக்கு. கழுத்துல ரெண்டு முள்ளெலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி பிளேட் வெச்சிருக்காங்க. நடக்கறான், அந்த மட்டும் நிம்மதி. ஆனா வலது கை விரல்ல பிடிமானம் இல்லை. அவன் பல் டெக்னீஷியன். செயற்கைப் பல்லை மெழுகுல செதுக்கறவன். கைதான் அவனுக்கு எல்லாமே.

தம்பி மனைவிக்குக் கழுத்து வலி மட்டும்தான், ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. அவ சீட் நின்ன இடத்துலயே நின்னுது.

இப்போ மூணு பக்கமும் நெருக்கறாங்க. இடிச்சவரோட இன்சூரன்ஸ்காரங்க ஒரு தொகை சொல்லி, "இந்த விபத்து தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன"ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்கறாங்க. எங்க இன்சூரன்ஸ்காரங்க வண்டி டோட்டல் லாஸ், ஆர்சியைக் கொடுத்துட்டா ஸ்கிராப்புக்கு எடுத்துட்டுப் போயிடறோம்ங்கறாங்க. கார் கம்பெனிக்கு ஈமெயில் போட்டேன். "வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள், எங்கள் பொறியாளர்கள் சீட்டைக் கழற்றி ஆராய்ந்து சொல்வார்கள்"னு ரொம்ப மரியாதையா பதில் வந்திருக்கு.

வண்டி நாங்க இன்னொருத்தர்கிட்ட வாங்கினது. சீட் கவர் வெளியில போட்டது. இதெல்லாம் பிரச்சினையாகுமா? இடிச்சது வேற ஆள்ங்கறப்போ கார் கம்பெனியைக் கேட்க முடியுமா? எந்தப் பேப்பர்லயும் இன்னும் கையெழுத்துப் போடலை.

வழிப்போக்கன்:

சகோதரி, தம்பி சீக்கிரம் குணமாகணும். நான் சொல்றது கசப்பா இருக்கும். பட்டவன் சொல்றேன்னு எடுத்துக்கங்க.

எனக்கு நெடுஞ்சாலையில பின் டயரோட மேல்பட்டை மொத்தமா உரிஞ்சு வண்டி உருண்டுது. புது டயர். தோள்பட்டை இன்னிக்கும் முழுசாத் தூக்க வராது. டயர் கம்பெனிமேல கேஸ் போட வக்கீல் தயாரா இருந்தார். ஆனா நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே யார்டுக்காரங்க வண்டியை நசுக்க அனுப்பிட்டாங்க. டயரும் இல்லை, ரோட்டுல விழுந்த பட்டையும் இல்லை. "காற்று குறைவாக ஓட்டியிருப்பீர்கள், ஆணி குத்தியிருக்கும்"னு கம்பெனி சொன்னப்போ அதை மறுக்க எங்க கையில எதுவும் இல்லை. வருஷக்கணக்கா அலைஞ்சதுதான் மிச்சம்.

இடிச்சவர் இன்சூரன்ஸ் கொடுக்கறதை வாங்கிக்கிட்டு தம்பியோட சிகிச்சையைப் பாருங்க. பெரிய கம்பெனிகிட்ட நம்மளால மல்லுக்கட்ட முடியாது.

உலோகன்:

கயல், கீழே நிறைய எழுதியிருக்கிறேன், ஆனால் படித்து முடிக்கக் காத்திராதீர்கள். வண்டி எந்த யார்டில் நிற்கிறதோ அவர்களுக்கும், உங்கள் இன்சூரன்ஸுக்கும் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள்: "இந்த வண்டி ஒரு காயத்துக்கான வழக்கில் சாட்சியம். எங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நகர்த்தவோ, விற்கவோ, பாகம் கழற்றவோ கூடாது." சேசிஸ் எண்ணைப் போட்டு ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். போனில் சொன்னால் நிற்காது.

நான் உலோகவியல் படித்தவன். உடைந்த பாகத்தைப் பார்த்து அது ஏன் உடைந்தது என்று அறிக்கை எழுதுவது என் தொழில். கேட்பது காயம்பட்டவர் பக்கமும் உண்டு, கம்பெனி பக்கமும் உண்டு. இத்தனை வருடத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, பாகம் கையில் இருந்தால் வழக்கு இருக்கிறது என்பதுதான். வழிப்போக்கன் ஐயா சொன்னதையே பாருங்கள். கம்பெனி பெரியது என்பதால் அவர் தோற்கவில்லை, டயர் போய்விட்டதால் தோற்றார். அந்த டயர் இருந்திருந்தால் ஆணி குத்தியதா, காற்று குறைந்து ஓடியதா, உள்ளே பட்டைக்கும் எஃகுக் கம்பி அடுக்குக்கும் பிடிப்பு விட்டுப்போனதா என்று அதை வெட்டிப் பார்த்தே சொல்லியிருக்கலாம். காற்று குறைவாக ஓடிய டயர், ரிம் அழுத்தும் இடத்தில் பள்ளம் விழுந்த தடத்தைக் காட்டும். ஆணி குத்தியிருந்தால் துளை இருக்கும். இரண்டுமே இல்லையென்றால் அப்புறம் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. 2000இல் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்ததற்குப் பின்னால் இப்படிப் பட்டை உரிந்த டயர்களை வைத்து நடந்த வழக்குகள் இருந்தன.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: "அவ சீட் நின்ன இடத்துலயே நின்னுது." ஒரே வண்டி, ஒரே மோதல், அதே மாடல் சீட், அதே வயது. ஒன்று தாங்கியது, ஒன்று விழுந்தது. தம்பியின் எடை அதிகம், அதனால் விழுந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். இருவர் எடையையும் மருத்துவமனைப் பதிவில் இருந்து எடுத்து வையுங்கள். எப்படிப் பார்த்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல பாகம் எங்கு தேடினாலும் கிடைக்காது. அதனால் விழுந்த சீட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முழு வண்டியும் வேண்டும்.

சீட்டைச் சாய்க்கும் லிவரைத் தூக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சாதாரண லிவர் வைத்த சீட்டில் பக்கவாட்டில் ஒரு பல் தகடு இருக்கும். அதில் பற்கள் கொண்ட இன்னொரு சிறு கட்டை போய்ப் பூட்டிக்கொள்ளும். லிவரைத் தூக்கினால் கட்டை விலகும், விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்பப் பற்களுக்குள் தள்ளும். முதுகுச் சாய்வை நிமிர்த்திப் பிடித்திருப்பது அந்தச் சில பற்கள்தான். சில சீட்களில் இந்தப் பூட்டு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், இன்னொரு பக்கம் வெறும் அச்சாணி. அப்படி இருந்தால் மோதலில் சாய்வு முறுக்கிக்கொண்டு விழும். உங்கள் சீட் நேராக விழுந்திருக்கிறதா, ஒரு தோள் பக்கமாக முறுக்கியிருக்கிறதா என்று போட்டோவில் பார்த்தாலே தெரியும்.

அந்தப் பற்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பேன். பற்கள் அடியோடு வெட்டுப்பட்டிருந்தால், முழுதாகப் பூட்டியிருந்தும் சுமை தாங்காமல் போயிருக்கிறது என்று அர்த்தம். நுனி மட்டும் சீவினாற்போல் மழுங்கியிருந்தால் கதையே வேறு. கட்டை உள்ளே முழுதாக இறங்காமல் நுனிக்கு நுனி தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அதாவது பூட்டியதுபோல் இருந்திருக்கிறது, பூட்டவில்லை. ஸ்பிரிங் வலுக்குறைவா, கட்டையின் அளவு பிசகா, வெப்பப் பதப்படுத்தலில் குறையா என்று அங்கிருந்து போகலாம். பற்கள் நன்றாகவே இருந்து, சீட் சட்டத்தின் பற்றவைப்பு விட்டிருந்தால் அந்த முறிவைப் பார்க்க வேண்டும். வெல்டிங்கின் ஓரத்தில் பல மாதமாக வளர்ந்த விரிசல் இருந்தால், அலை வந்து போன மணலில் கோடு நிற்பதுபோல் வரிவரியாகத் தெரியும். ஒரே அடியில் கிழிந்தது அப்படி இருக்காது.

இதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், யாரும் அந்த லிவரைத் தொட வேண்டாம். சீட்டை நிமிர்த்திப் பார்க்க வேண்டாம். உடைந்த இரண்டு துண்டுகளைப் பொருத்திப் பார்க்கவே கூடாது. முறிவின் முகம் ஒன்றோடொன்று உரசினால் நான் படிக்க வேண்டியது அழிந்துவிடும். எண்ணெய் விடுவது, துடைப்பது எதுவும் வேண்டாம். தொடாமல் போட்டோ எடுங்கள், நிறைய எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. தம்பியை வெளியே எடுத்தவர்கள் யார்? மீட்புக் குழுவினர் சில சமயம் ஆளை எடுக்கச் சீட்டைச் சாய்ப்பார்கள். "சீட் மோதலில் விழவில்லை, மீட்டவர்கள் சாய்த்தது" என்று கம்பெனி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் தம்பி மனைவி பக்கத்திலேயே இருந்திருக்கிறார். இடித்த நொடியில் கணவர் எந்த நிலையில் கிடந்தார் என்று அவர் கையாலேயே எழுதித் தேதி போட்டு வைக்கட்டும். ஆம்புலன்ஸ் பதிவேட்டில் "பின்பக்கம் சாய்ந்த நிலையில்" என்கிற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் நகல் வாங்குங்கள். அங்கே நின்ற யாராவது போனில் படம் எடுத்திருந்தால் அது பொன்.

காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் பல வண்டிகளில் மோதல் பதிவு இருக்கும். மோதலுக்கு முன் சில நொடிகள் வண்டியின் வேகம், பிரேக், பெல்ட் போட்டிருந்ததா, மோதலில் வேகம் எவ்வளவு மாறியது எல்லாம் அதில் கிடைக்கும். காற்றுப்பை விரியாத மோதலாக இருந்தால் அந்தப் பதிவு நிரந்தரமாகப் பூட்டப்படாமல் போகலாம். சில மாடல்களில் திரும்பத் திரும்பச் சாவி போட்டால் அழிந்துவிடும். அதனால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கார் கம்பெனி பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர்கள் இடத்தில், அவர்கள் கையால், நீங்கள் இல்லாமல் கழற்றக் கூடாது. வண்டி நிற்கிற இடத்துக்கு அவர்கள் வரட்டும். உங்கள் பக்க ஆய்வாளரும் இருக்கட்டும். முதலில் பார்வை, அளவு, எக்ஸ்ரே. வெட்டிப் பார்ப்பது இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றினால், ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் விஷயத்தைச் சொல்கிறேன். 2010இல் ஜார்ஜியாவில் ஓர் இளம்பெண் ஓட்டிய கோபால்ட் காரில் சாவி தானாகத் திரும்பி இஞ்சின் அணைந்து, விபத்தில் இறந்தார். பெற்றோரின் வக்கீல் அமர்த்திய பொறியாளர், அந்த வண்டியின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புது சுவிட்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே பாக எண். ஆனால் உள்ளே சாவியை நிறுத்திப் பிடிக்கும் சிறு உலக்கை, புதியதில் நீளமாக இருந்தது, ஸ்பிரிங்கும் இறுக்கமாக இருந்தது. கம்பெனி 2006இலேயே பாகத்தை மாற்றியிருக்கிறது, எண்ணை மட்டும் மாற்றவில்லை. 2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பிறகு ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணின் கார் நசுக்குமிடத்துக்குப் போயிருந்தால் அந்தப் பொறியாளர் எதை எதோடு ஒப்பிட்டிருப்பார்?

கயல்:

உலோகன் அண்ணா, கை நடுங்கிடுச்சு படிக்கறப்போ. இப்பவே ரெண்டு இடத்துக்கும் ஈமெயில் அனுப்பிட்டேன், நாளைக்குத் தபாலும் போயிடும். யார்டுக்குப் போன் பண்ணினேன், வண்டி இருக்கு. தொடக் கூடாதுன்னு அந்தப் பையன்கிட்ட சொன்னதும் அவனே ஒரு சிவப்பு டேப் சுத்தி போட்டோ அனுப்பினான். நல்ல பையன்.

போட்டோவைப் பார்த்தா சாய்வு இடது தோள் பக்கமா முறுக்கித்தான் விழுந்திருக்கு.

கம்பெனிகிட்டேயிருந்து இன்னொரு ஈமெயில் வந்திருக்கு. சீட் தாங்கள் செய்தது இல்லை, வேறொரு சப்ளையர் செய்ததுன்னும், அது எல்லாப் பாதுகாப்பு விதிமுறைகளையும் பாஸ் பண்ணினதுன்னும், விபத்துக்குக் காரணம் பின்னால் வந்த வண்டின்னும் எழுதியிருக்காங்க. இதுக்கு என்ன பதில்?

தாரா, வழக்கறிஞர்:

கயல், இந்த மாதிரி வழக்குகளை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். முதலில், கார் மாடல், கம்பெனி, ஊர் எதையும் இங்கே எழுதாமல் இருந்தது நல்லது, அப்படியே இருக்கட்டும். எழுதினதை அழிக்கவும் வேண்டாம், அழித்தால் மறைத்ததாகப் பேசுவார்கள். இனி விவரங்களை உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள்.

"விபத்துக்குக் காரணம் பின்னால் வந்த வண்டி" என்ற வாதம் ரொம்பப் பழையது. 1963 மாடல் கோர்வேர் கார் ஒன்றில் நேருக்கு நேர் மோதலில் ஸ்டீயரிங் தண்டு பின்னால் தள்ளப்பட்டு ஓட்டியவர் தலையில் அடித்தது. வாகனம் மோதுவதற்காகச் செய்யப்படுவதில்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் வாதாடியது. 1968இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாகனங்கள் மோதத்தான் செய்யும், அது தயாரிப்பாளருக்குத் தெரிந்த விஷயம், மோதலில் காயத்தை அதிகமாக்காத மாதிரி நியாயமான கவனத்தோடு வடிவமைக்க வேண்டும் என்றது. லார்சன் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். மோதலுக்கு இடித்தவர் பொறுப்பு. சீட் நின்றிருந்தால் வராமல் இருந்திருக்கும் கூடுதல் காயத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. உங்கள் தம்பி மனைவியின் ஒரு வாரக் கழுத்து வலியையும் தம்பியின் முறிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் "கூடுதல்" எவ்வளவு என்று நீதிபதிக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையே இருக்காது.

சப்ளையர் கதை இன்னும் பழையது. 1916இல் நியூயார்க்கில் தீர்ப்பான ஒரு வழக்கைப் பாருங்கள். மேக்ஃபெர்சன் என்பவர் ஓட்டிய ப்யூக் காரின் மரச் சக்கரத்தின் ஆரங்கள் நொறுங்கி அவர் தூக்கி எறியப்பட்டார். சக்கரம் வேறொரு நிறுவனம் செய்தது. காரை அவர் வாங்கியதும் டீலரிடம், ப்யூக்கிடம் இல்லை. இரண்டு காரணத்தையுமே நீதிபதி கார்டோஸோ ஒதுக்கிவிட்டார். பாகத்தைச் சோதித்திருக்க வேண்டியது முழு வண்டியாக்கி விற்றவர் என்றார். இன்றைக்குப் பெரும்பாலான நாடுகளில் கார் கம்பெனி, பாகம் செய்தவர் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். இன்னொருவரிடம் வாங்கிய வண்டி என்பதால் மட்டும் காயம்பட்டவரின் உரிமை போய்விடாது. சீட் கவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பொருளை மாற்றியமைத்தார்கள் என்பது கம்பெனிக்கு ஒரு தற்காப்புத்தான், ஆனால் அந்த மாற்றத்தால்தான் காயம் வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். துணி உறையால் பல் பூட்டு விடுபட்டது என்று காட்டட்டும் பார்க்கலாம்.

கம்பெனி அலட்சியமாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டுமா என்றால், பல இடங்களில் வேண்டாம். ஐரோப்பாவில் 1985ஆம் ஆண்டு உத்தரவுப்படி பொருளில் குறை, உடலுக்கு வந்த தீங்கு, இரண்டுக்கும் தொடர்பு, இவ்வளவு போதும். பிரிட்டனில் 1987ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதே வழி. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் முழுவதும் இதற்கானது. தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, எச்சரிக்கை தராத குறை மூன்றையும் அது சொல்கிறது. ஹூண்டாய் கிரெட்டா காரில் காற்றுப்பை விரியாமல் போன வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த வரி.

காலக்கெடுவை இன்றைக்கே பாருங்கள், இதில் தவறினால் எந்த வக்கீலாலும் காப்பாற்ற முடியாது. இந்திய நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டு. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் 3 ஆண்டு, அதோடு பொருள் சந்தைக்கு வந்து 10 ஆண்டு ஆகியிருந்தால் உரிமையே தீர்ந்துபோகும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தாண்டுதான் கண்ணில் படாத குழி. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தம்பியின் வண்டி எப்போது தொழிற்சாலையை விட்டு வந்தது என்று பாருங்கள்.

கடைசியாக அந்தத் தீர்வுப் பேப்பர். "எல்லாக் கோரிக்கைகளும்", "எந்த நபர் மீதும்" போன்ற சொற்களில் கையெழுத்துப் போட்டால் கார் கம்பெனியையும் சேர்த்து விட்டுக்கொடுத்ததாக ஆகக்கூடும். இடித்தவரிடம் வாங்கவே கூடாது என்பதில்லை. வாங்கும்போது "வாகனத் தயாரிப்பாளர், பாகத் தயாரிப்பாளர் மீதான உரிமைகள் இதில் அடங்கா" என்று எழுதி வாங்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் எழுதட்டும். விரல்கள் எவ்வளவு தேறும் என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் எழுதித் தருவதற்கு முன் எந்தத் தொகையும் சரியான தொகையாக இருக்க முடியாது. பல் செதுக்கும் கைக்கு ஆயுள் முழுவதும் என்ன வருமானமோ அதுவும் கணக்கில் வர வேண்டும்.

உலோகன்:

தாரா அம்மா சொன்னதற்குப் பிறகு "விதிமுறைகளைப் பாஸ் பண்ணியது" என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அது என் வேலை.

அமெரிக்காவில் சீட்டுக்கான 207ஆம் எண் விதி 1960களின் கடைசியில் வந்தது. முதுகுச் சாய்வு 373 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைத் தாங்க வேண்டும் என்கிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகள் அவையின் 17ஆம் எண் விதி 530 கேட்கிறது. இரண்டும் சீட்டை மெதுவாக இழுத்துப் பார்க்கும் சோதனை. இப்போது ஒரு தோராயக் கணக்கு போடுங்கள். இடுப்புக்கு மேல் உள்ள உடல் 40 கிலோ என்று வையுங்கள். மோதலில் பத்து மடங்கு ஈர்ப்புக்குச் சமமான முடுக்கம், நடுத்தரமான அடிதான். அந்த எடை சீட்டின் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அழுத்துகிறது. 40 × 98 × 0.3, ஏறத்தாழ 1,180 நியூட்டன் மீட்டர். அமெரிக்க விதி கேட்பதைப்போல் மூன்று மடங்கு. விதியைப் பாஸ் செய்த சீட் ஒரு சாதாரண ஆளைச் சாதாரண மோதலில் தாங்கும் என்று அந்த விதியே சொல்லவில்லை. 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் திருத்தும் வேலையைத் தொடங்கும்படி சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது. நல்ல கம்பெனிகள் விதி கேட்பதைவிடப் பலமடங்கு வலுவான சீட்களைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. செய்ய முடியாத காரியம் இல்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, விதியைப் பின்பற்றியதால் மட்டும் ஒருவர் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று எழுதியிருக்கிறது.

இதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் பாஸ் செய்ததாகச் சொல்வது அந்த மாடலில் சோதித்த சீட். தம்பி உட்கார்ந்திருந்த சீட் வேறு. அதன் பற்கள் முழுதாகப் பூட்டவில்லை என்று தெரிந்தால் சோதனைச் சான்றிதழ் உங்களுக்கே சாதகம்: சோதனையில் நின்ற பூட்டு இங்கே ஏன் நிற்கவில்லை? உங்கள் சாய்வு இடது தோள் பக்கம் முறுக்கியிருக்கிறது என்கிறீர்கள். ஒற்றைப் பக்கப் பூட்டாக இருந்தால் கேள்வி வடிவமைப்புக்குப் போகும். இரு பக்கமும் பூட்டு இருந்து ஒரு பக்கம் மட்டும் விட்டிருந்தால், அந்தப் பக்கப் பூட்டில்தான் விஷயம் இருக்கிறது. திறக்காமல் இப்போது சொல்ல முடியாது, திறக்கும்போது எல்லோரும் இருக்க வேண்டும்.

வழிப்போக்கன்:

சகோதரி, என் முதல் பதிலைப் படிச்சு மனசு விட்டுடாதீங்க. உலோகன் ஐயா எழுதினதைப் படிச்ச பிறகு சொல்றேன், எனக்கு அன்னிக்கு இப்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு இருக்காங்க. விடாதீங்க. கம்பெனிகிட்ட கேக்கறதோட நிறுத்தாம, உங்க நாட்டுல வாகனப் பாதுகாப்பைப் பார்க்கற அரசு அமைப்புலயும் புகார் பதிவு பண்ணுங்க. அதே சீட்ல இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்து போயிட்டிருக்காங்களோ.

கயல்:

எல்லாருக்கும் நன்றி. வக்கீல் ஒருத்தரைப் பார்த்துட்டோம். தாரா மேடம் சொன்ன வாசகத்தையே அவரும் எழுதறார். வண்டி வந்த தேதியும் பார்த்தோம், பத்து வருஷம் ஆகலை. எங்க இன்சூரன்ஸ்காரங்க, ஸ்கிராப் விலையைக் கழிச்சுக்கிட்டு வண்டியை எங்களுக்கே விடறோம்னு சொல்லிட்டாங்க. அந்தக் கழிவு பெருசு இல்லை, ஒத்துக்கிட்டோம்.

யார்டுல திறந்த வெளியில நிக்குது, மழை வரும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிடலாமா?

உலோகன்:

வேண்டாம். பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஈரம் வியர்த்துத் துரு வேகமாகப் பிடிக்கும், பற்களில் துரு ஏறினால் பாதி தகவல் போச்சு. கூரை உள்ள பூட்டிய இடம் வாடகைக்குப் பாருங்கள். காற்றோட்டம் இருக்கட்டும், ஆள் நடமாட்டம் கூடாது. வண்டியை உருட்டிப் போகாமல் பிளாட்பார லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள், குலுக்கலில் சீட் அசையாதபடி மெதுவாக. ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் வீடியோ எடுங்கள். சாவி இரண்டும் வக்கீலிடம் இருக்கட்டும். ஒரு நோட்டுப் போட்டு, யார் எப்போது கதவைத் திறந்தார்கள், எதற்குத் திறந்தார்கள் என்று கையெழுத்தோடு எழுதி வாருங்கள். இடமும் நாளும் முடிவானதும் கார் கம்பெனிக்கு உங்கள் வக்கீல் மூலமாகக் கூட்டு ஆய்வுக்கு அழைப்பு அனுப்புங்கள்.